பாரிஸா, ஸ்ட்ராஸ்பூர்க்கா, நீஸா: இருட்டை வைத்து ஒரு கணக்கு

டிசம்பர் கடைசியில் பாரிஸில் சூரியன் உதிக்கும்போது மணி எட்டரையைத் தாண்டிவிடும். மாலை ஐந்துக்கு முன்பே மறைந்தும் விடும். கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான்கு ராத்திரிப் பயணம் போகிறவர் மற்ற எல்லாக் கணக்குக்கும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். அவர்கள் பதினொரு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் கையில் இருப்பது ஆறு மணி நேர வெளிச்சம்தான். "காலையில் எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடலாம்" என்று நான் சொன்னதற்கு என் மகள், "எட்டரைக்கா? விடிஞ்சிருக்குமாப்பா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

அதனால் எந்த ஊரில் பார்க்க நிறைய இருக்கிறது என்பதை விட்டுவிட்டேன். எந்த ஊர் இருட்டிய பிறகும் நன்றாக இருக்கும் என்றுதான் தேடினேன்.

கூட வருகிறவர்கள் மூன்று பேர். மகளும் அவளுடைய தோழியும் லண்டனில் படிக்கிறார்கள். அக்கா மகன் ஜெர்மனியில் படிக்கிறான். தோழியிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். எனவே ஊரைப் பற்றிய சண்டைக்கு முன்பே ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாளுக்குள் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதைத் தள்ளிப்போட்டால் கீழே உள்ள அலசல் எல்லாம் வீண்.

முதலில் பாரிஸ் மட்டும் என்ற யோசனை. லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணி நேரம், இறங்குவது ஊருக்கு நடுவில். இருட்டுக் கணக்கில் இந்த ஊர் நன்றாகவே தேறுகிறது. லூவர் அருங்காட்சியகம் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை திறந்திருக்கும். ஓர்சே அருங்காட்சியகம் வியாழக்கிழமை 9.45 வரை. பகல் வெளிச்சத்தைத் தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் செலவழித்துவிட்டு, இருட்டிய பிறகு ஓவியங்களிடம் போகலாம். ஈபிள் கோபுரத்தில் ஏறக் காசு கட்டாவிட்டால்கூட, இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் அது மினுமினுப்பதை எதிர்க்கரையில் நின்று சும்மா பார்க்கலாம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர்தாம் தேவாலயத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

இடிப்பது பணம். 26 வயதுக்குக் கீழே இருந்தால் பிரான்ஸில் அருங்காட்சியகம் எல்லாம் இலவசம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் உண்மை. லூவர் போன்ற அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் இலவசம். 18 முதல் 25 வரை என்றால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதோடு சேர்ந்த சில நாடுகளிலோ, வசிப்பவராக இருக்க வேண்டும். லூவர் வாசலில் ஜெர்மனியில் படிக்கும் அக்கா மகன் தன் வசிப்பிட அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவான். லண்டன் பெண்கள் இருவரும் ஆளுக்கு 32 யூரோ கட்ட வேண்டும், 2026 ஜனவரியிலிருந்து வெளியாட்களுக்கு அதுதான் விலை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதன் சூடு இந்தப் பிள்ளைகளுக்கு இங்கேதான் உறைக்கும். ஈடுகட்டப் பெத்தி பாலேயும் கார்னவாலேயும் இருக்கின்றன. பாரிஸ் மாநகராட்சியின் அந்த இரண்டு அருங்காட்சியகங்களிலும் நிரந்தரக் காட்சி எல்லோருக்கும் இலவசம். வெர்சாய் அரண்மனை வேண்டாம் என்பது என் கட்சி. குளிர்காலத்தில் நீரூற்று ஓடாது, தோட்டத்துச் சிலைகளையும் துணி போர்த்தி மூடிவைத்திருப்பார்கள்.

அடுத்து ஸ்ட்ராஸ்பூர்க். பாரிஸின் கார் த லெஸ்த் நிலையத்திலிருந்து டிஜிவி எனும் அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் சொச்சம். யூரோஸ்டார் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து அங்கே பத்து நிமிட நடைதான், பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். இந்த ஊர் இருட்டுக்காகவே செய்தது போல இருக்கும். 1570-இலிருந்து இங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது. கிளேபர் சதுக்கத்தில் சுமார் 30 மீட்டர் உயர மரம், சந்துக்குச் சந்து விளக்கு, மரச்சட்ட வீடுகள், பக்கத்தில் கால்வாய். நடுவில் 142 மீட்டர் உயரத் தேவாலயம். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். மாலை நான்கரைக்கு மேல்தான் ஊரே களைகட்டும். தூங்குமூஞ்சிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பகலில் எழுப்பியே ஆக வேண்டிய ஒரே காரணம் தேவாலயத்தின் வானியல் கடிகாரம். அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வருவது பகல் 12.30-க்கு. அந்த நேரத்துக்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

குறைகளும் உண்டு. முன்பு ஒருமுறை சனிக்கிழமை மாலையில் போய், ஒரு குறுகிய தெருவைக் கடக்க இருபது நிமிடம் கூட்டத்தோடு நகர்ந்திருக்கிறேன். கையிலிருந்த சூடான ஒயினில் பாதி கோட்டில் கொட்டியது. வார நாளில்தான் போக வேண்டும். சந்தை கிறிஸ்துமஸை ஒட்டி முடிந்துவிடும், புத்தாண்டுக்குப் போனால் பாதி ஊர் காலி. டிசம்பரில் அறை வாடகையும் கன்னாபின்னாவென்று ஏறும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேல் என்ற ஜெர்மன் ஊர். 2017-இலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் டிராம் பாலத்தைத் தாண்டி அங்கே போகிறது. அங்கே தங்கிக்கொண்டு டிராமில் வந்து போகலாம், அக்கா மகனும் நேராக அங்கேயே வந்து சேர்ந்துகொள்வான். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை: மெல்லிய மாவில் கிரீமும் வெங்காயமும் பரப்பிச் சுடும் டார்ட் பிளாம்பேயில் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தெற்குக் கடற்கரையில் இருக்கும் நீஸ் மகளின் தோழி கேட்டது. அவளுக்குக் குளிரே ஆகாது. டிசம்பரிலும் பகலில் 13 டிகிரி வரை போகும், வெயில் அடித்தால் கடற்கரை நடைபாதையில் கோட்டைக் கழற்றிவிடலாம். குளிருக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர்களால்தான் 19-ஆம் நூற்றாண்டில் அந்த நடைபாதைக்கே 'ஆங்கிலேயர் உலாவும் பாதை' என்று பெயர். லண்டனிலிருந்து வரும் நமக்கும் அதே காரணம்தான். பக்கத்து ஊரான மோந்தோன் வரை கடலோர ரயிலில் போய் வருவது ஒரு நாளுக்குத் தாராளம். சோக்கா இருக்கிறது: கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு அடுப்பில் சுடுவது, நம் ஊர் அடைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் என் கணக்கில் நீஸ் தோற்கிறது. அதன் அழகெல்லாம் வெளிச்சத்தில்தான். ஐந்து மணிக்குக் கடல் கறுத்துவிட்டால், மூன்று பேரும் அறையில் உட்கார்ந்து போனைத் தடவுவார்கள். கார்னிவல் நடக்கும் பிப்ரவரி என்றால் கதை வேறு. பாரிஸோடு சேர்த்துப் போடவும் முடியாது, டிஜிவியில் போனாலும் ஆறு மணி நேரம் ஆகும்.

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஷமோனி அக்கா மகனின் ஆசை. 3,842 மீட்டர் உயர எகுய் து மிதி சிகரத்துக்குக் கேபிள் காரில் ஏறுவது அருமையான விஷயம்தான். ஆனால் பனிச்சறுக்கே தெரியாத மூன்று பேருக்குச் சறுக்குப் பலகை வாடகை, லிப்ட் சீட்டு, பயிற்சி என்று போட்டுப் பார்த்தால் பாரிஸ் லூவர் எல்லாம் மலிவாகத் தெரிகிறது. சறுக்குப் பாதையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் தூக்கி வருவதற்கும் பிரான்ஸில் காசு கேட்பார்கள், தனியாகக் காப்பீடு வேண்டும். நான்கு நாளில் முதல் இரண்டு நாள் விழுவதற்கே போய்விடும். லியோன் என் சொந்த ஆசை. 1852-இல் தொடங்கிய விளக்குத் திருவிழா டிசம்பர் 8-ஐ ஒட்டி வருகிறது, அப்போது பிள்ளைகளுக்கு வகுப்பு முடிந்திருக்காது. சரி, விட்டுவிட்டேன்.

பிரெஞ்சு ரயிலுக்கான தள்ளுபடி அட்டை வாங்கலாமா என்ற கேள்வியும் உண்டு. 12 முதல் 27 வயது வரை உள்ளவர்களுக்கு 49 யூரோவுக்கு ஒரு வருட அட்டை, டிக்கெட்டில் 30 சதவீதம் குறையும். ஆளுக்கு 164 யூரோவுக்காவது டிக்கெட் வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். ஸ்ட்ராஸ்பூர்க் போய் வர முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

ஆக, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் என்றால் என் ஓட்டு இரண்டு ஊருக்கும். செவ்வாய் காலை லண்டனில் ஏறி, பாரிஸில் பத்து நிமிடம் நடந்து ரயில் மாறி, மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு ஸ்ட்ராஸ்பூர்க். புதனன்று ரயிலில் அரை மணி நேரத்தில் இருக்கும் கோல்மார் என்ற ஊர், திரும்பி வந்து மறுபடி சந்தை. வியாழன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாரிஸ், இரவு ஓர்சே. வெள்ளி இரவு லூவர். ஜனவரியில்தான் முடியும் என்றால் பாரிஸ் மட்டும் போதும். இரண்டாவது புதன்கிழமை வாக்கில் கடைகளில் குளிர்காலத் தள்ளுபடி தொடங்கி நான்கு வாரம் நடக்கும், அந்த வயதுக்கு அதுவே ஒரு திருவிழா.

சனிக்கிழமை மாலை லண்டன் ரயில். அதற்கு முன் கார் து நோர் நிலையத்தின் பின்பக்கம் பத்து நிமிடம் நடந்தால் லாச்சப்பல், ஈழத்தமிழர் கடைவீதி. நான்கு நாள் பாகெத் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ற பிள்ளைகளுக்கு அங்கே கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டேன். தோழி மட்டும் இன்னும் நீஸ் வானிலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இன்று அங்கே 16 டிகிரியாம்.