ஊருக்குள் குடியிருக்கும் ஜாம்பிக்கு இந்த ஒப்பனைப் பெட்டி போதுமா?

இணையக் கடைகளில் ‘ஜாம்பி மேக்கப் கிட்’ என்று தேடினால், வெவ்வேறு பெயர்களில் ஏறக்குறைய ஒரே பெட்டிதான் வருகிறது. ஒரு சின்னக் குப்பியில் லிக்விட் லேடெக்ஸ் (காய்ந்தால் தோல் போலாகும் ரப்பர்ப்பால்), டப்பாவில் காயம் போல உருவாக்கக் காய மெழுகு, கிரீம் வண்ணத் தட்டு, செயற்கை ரத்தம், பல்லுக்குக் கறுப்புப் பூச்சு, ஒட்டுப்பசை, பஞ்சுத் துண்டுகள், கிழிந்த வலைத்துணி. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் கல்லூரி விழாவுக்கோ, திருவிழா மேடைக்கோ, குறும்படத்துக்கோ நகைச்சுவை ஜாம்பி தேவைப்படுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் இங்கே பேச்சு. பயமுறுத்தும் ஜாம்பிக்கு இதில் பதில் இல்லை. செத்தவர் எழுந்து வந்து அதே தெருவில் குடியிருக்கிறார், ரேஷன் வரிசையில் நிற்கிறார், நவம்பர் வந்தால் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்க முடியாமல் விழிக்கிறார் என்பது போன்ற கதைக்குத்தான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெட்டியாக வாங்காதீர்கள். லேடெக்ஸ், வண்ணத் தட்டு, ஒட்டுப்பசை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். மற்றதெல்லாம் மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் இருக்கிறது. சிலவற்றுக்கு இறுதிச் சடங்குச் சாமான் விற்கும் கடைக்குப் போக வேண்டும்.

பெட்டி இருட்டுக்காகச் செய்யப்பட்டது. திகில் காட்சியில் ஜாம்பியின் முகம் இரண்டு நொடிதான் தெரியும். நகைச்சுவையில் அதே முகத்தை முக்கால் மணி நேரம் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோம். அவர் டீ கேட்கிறார், மாஸ்டர் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். அந்த இடைவெளியில் புருவம் ஒரு நூல் ஏறினால்தான் அரங்கம் சிரிக்கும். முகம் முழுக்க லேடெக்ஸ் அப்பினால் புருவம் அசையாது, உதட்டோரம் இழுபடும், நடிகர் வாயைத் திறந்ததும் விளிம்பு பிய்ந்துவிடும். தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மருக்கு முகமூடி உண்டு, பிரகலாதனுக்கு இல்லை. யாரைக் கண்டு நடுங்க வேண்டும், யார் பக்கம் மனம் சாய வேண்டும் என்பதை ஒப்பனையிலேயே பிரித்துவைக்கத் தெரிந்த மண் இது. நம் ஜாம்பி இரண்டாம் வகை. புருவம், கண்ணிமை, உதடு, உதட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலம், இந்த இடங்களில் லேடெக்ஸ் படவே கூடாது.

லேடெக்ஸ் என்பது நீரில் கலந்திருக்கும் ரப்பர்ப்பால். கெடாமலிருக்க அம்மோனியா சேர்த்திருப்பார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். அதனால் காற்றோட்டமுள்ள இடத்தில் பூசுங்கள், கண்ணை மூடச் சொல்லுங்கள். கன்னத்தில் ஒரு கை அகலத்துக்குப் பஞ்சால் ஒற்றி மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் டிஷ்யூ காகிதத்தின் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்து வையுங்கள். காகிதத்தைக் கையால் கிழிக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் நேர்க்கோடு தெரியும். மேலே இன்னொரு பூச்சு, அது காய்ந்ததும் டால்கம் பவுடர். பவுடர் போட மறந்தால் லேடெக்ஸ் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. கடைசியில் நடுவில் நகத்தால் கீறி, ஓரங்களைச் சற்று உரித்துவிட்டு, உள்ளே கரும்பழுப்பைத் தடவினால் தோல் உரிந்த இடம் தயார். இரண்டு கன்னமும் ஒரு புறங்கையும் செய்ய 10 முதல் 15 மி.லி. போகும். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு 100 மி.லி. குப்பி வேண்டும்.

இங்கேதான் டெல்டாவின் புழுக்கம் குறுக்கே வருகிறது. உறைமேல் பத்து நிமிடத்துக்குள் காயும் என்று எழுதியிருந்தால், ஐப்பசி அடைமழைக் காலத்தில் அதற்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு, காயாத பூச்சின் மேல் அடுத்ததைப் போட்டால் அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு மேல்தோல் வழுகும். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துப் பிடிக்கலாம். சித்திரையில் சிக்கல் வேறு. லேடெக்ஸுக்குள் வியர்வை வெளியேற வழியில்லை. அது தேங்கித் தேங்கி, தாடையோரத்திலும் மூக்கருகிலும் விளிம்பைத் தூக்கும். பெரிய ஒட்டாக ஒன்று போடுவதைவிட, புளியங்கொட்டை அளவில் நாலைந்து சிறு ஒட்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டால் இடையில் தோல் மூச்சுவிடும், ஒன்று கிளம்பினாலும் மற்றவை நிற்கும். பூசும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வந்த நடிகரின் நெற்றியில் லேடெக்ஸ் நிற்காது. எண்ணெய் ரப்பரை இளக்கிவிடும். மீசை, கிருதா, முன்கை முடி இருந்தால் முதலில் வாசலின் தடவுங்கள், இல்லையேல் உரிக்கும்போது முடி வேரோடு வரும்.

ஒவ்வாமை விஷயத்தில் சமரசமே கூடாது. முந்தின நாளே முழங்கையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு தடவி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். தடிப்போ அரிப்போ வந்தால் அந்த நடிகருக்கு லேடெக்ஸ் கிடையாது. ரப்பர்ப்பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு வாழைப்பழமும் பப்பாளியும் ஒத்துக்கொள்வதில்லை. ரப்பர்ப்பாலிலும் இந்தப் பழங்களிலும் ஒரே சாயலுள்ள புரதங்கள் இருப்பதே காரணம். வாழை விளையும் ஊரில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது சுலபம்: பழம் தின்றால் வாயோ தொண்டையோ அரிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சோதனைப் பொட்டும் வேண்டாம். கையுறை போட்டால் தடிக்கிறது, பலூன் ஊதினால் உதடு வீங்குகிறது என்பவர்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு வண்ணத்தை மட்டும் வைத்தே நல்ல ஜாம்பி செய்யலாம்.

பெட்டியின் பெரிய குறை வண்ணத்தில்தான். அந்தத் தட்டிலுள்ள வெள்ளையும் வெளிர்பச்சையும் வெளுத்த தோலுக்கானவை. நம் மாநிறத்தின் மேல் பூசினால் விபூதிக் காப்பு சாத்தியது போலாகிவிடும், செத்த களை வராது. மாநிறத் தோலில் உயிர் போன தோற்றம் வர வெள்ளை ஏற்ற வேண்டாம், சிவப்பைக் குறைத்தால் போதும். மஞ்சளில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தால் மங்கிய ஆலிவ் பச்சை வரும். நாலு பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு கறுப்பில் தொடங்கி, தோலுக்குத் தக்கபடி கூட்டிக் குறையுங்கள். அதை ஈரப்பஞ்சில் மிக மெல்லியதாக எடுத்து உதடு, காதுமடல், மூக்குநுனி, நகக்கண் ஆகிய இடங்களில் ஒற்றுங்கள். ரத்தம் ஓடுவது தெரியும் இடங்கள் இவைதான். இவை மங்கினால் முகமே அடங்கிவிடும். கண்ணைச் சுற்றி ஊதாவும் பழுப்பும் கலந்து, உள்மூலையில் அழுத்தமாகவும் வெளியே போகப் போக மெலிதாகவும் போடுங்கள். வெண்ணிற எல்இடி விளக்கில் பச்சை தூக்கலாகத் தெரியும், மஞ்சள் ஹாலஜனில் அது பழுப்பாகிவிடும். அதனால் மேடையில் என்ன விளக்கு என்று கேட்டுவிட்டுக் கலக்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அரிதாரத்தை மஞ்சளுக்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள். அது ஆர்செனிக் கலந்த கனிமம், நஞ்சு. ஹோலிப் பொடியும் சுவருக்கான அக்ரிலிக்கும் முகத்துக்கு ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காய மெழுகு மார்கழி இரவுக்கு ஆகும், சித்திரைப் பகலில் உடல் சூட்டிலேயே இளகி வழியும். செயற்கை ரத்தம் சர்க்கரைப் பாகில் செய்ததாக இருந்தால் மேடையில் எறும்பு மொய்க்கும், வேட்டியில் பட்ட கறையும் முழுதாகப் போகாது. ஊரோடு வாழும் ஜாம்பிக்கு ரத்தமே தேவையில்லை, தூக்கிவையுங்கள். பல் கறுப்பு பரவாயில்லை, ஆனால் பல்லைத் துணியால் துடைத்து உலர்த்தாமல் பூசினால் ஒரு மடக்குத் தண்ணீரில் போய்விடும். மலிவான வெள்ளைக் கண்வில்லைகளைச் சில கடைகள் சேர்த்து விற்கின்றன. அறுவடைத் தூசி பறக்கும் ஊரில் அதைக் கண்ணில் போடுவது கருவிழியைப் பணயம் வைப்பது. பாதி மூடிய இமையே போதும். வலைத்துணி குப்பைக்கு.

பெட்டியில் இல்லாதவைதான் நம் ஜாம்பியை நம்மூர்க்காரர் ஆக்குகின்றன. பிணத்துக்கு என்னென்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். குளிப்பாட்டிக் கோடி உடுத்துகிறோம், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு வைக்கிறோம், தாடை தொங்காமல் வாய்க்கட்டு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கால்கட்டு, மூக்கில் பஞ்சு, வாய்க்கரிசி. எழுந்து வந்தவர் இத்தனையோடும்தானே வருவார்? ஜாம்பி ஏன் இழுத்து இழுத்து நடக்கிறது என்பதற்குக் கால்கட்டைவிட நல்ல காரணம் கிடையாது. ஏன் குழறுகிறது என்பதற்கு வாயில் அரிசி இருக்கிறது. புதைக்கும் வழக்கமுள்ள வீடு என்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுங்கள். எரிக்கும் வீடென்றால் பாடையிலேயே எழ வேண்டும்.

செய்முறையில் கவனம் வேண்டும். உண்மைக் காசு கனம், வியர்வையில் சரியும். 22 மி.மீ. விட்டத்தில் அட்டையை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டி, ஒட்டுப்பசையால் பதியுங்கள். வாய்க்கட்டுக்கு நாலு விரல் அகல வெள்ளைப் பருத்தித் துணி. உச்சியில் முடிச்சு மட்டும் தெரிய, காதுக்குப் பின்னால் மறைவாக எலாஸ்டிக் தைத்துவிட்டால் தாடை தாராளமாக அசையும். பஞ்சை மூக்குக்குள் திணிக்காதீர்கள், விளிம்பில் ஒரு சிட்டிகை ஒட்டினால் போதும். கால்விரல்களைக் கட்டியபடி மேடையில் நடந்தால் விழுவது நிச்சயம். ஒத்திகையில் தரையில் உட்கார்ந்தும் சுவரைப் பிடித்தும் அந்த நடையைப் பழக்குங்கள். காட்சியில் கயிறு அறுந்துபோனதாக வைத்து, இரண்டு பெருவிரலிலும் ஒரு சாண் நூல் தொங்கட்டும். அரிசியை வாயில் போட்டுக்கொண்டு வசனம் பேசினால் புரைக்கேறும், அதை நடிப்பாலேயே காட்ட வேண்டும்.

உடை வெள்ளையாகவே இருக்கட்டும். பெட்டி காட்டும் வழியில் போய் முகத்தைக் கரியாக்கி, கிழிந்த கைலி கட்டி, சேறு பூசினால் மேடையில் நிற்பது ஜாம்பி அல்ல, நடவு முடித்து வரும் கூலியாள். அவரைப் பார்த்துக் கூட்டம் முகம் சுளித்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது? டீக்கடையில் ஜாம்பிக்குத் தனிக் குவளை வைக்கும் காட்சி எல்லாக் குழுவுக்கும் சுலபமாகத் தோன்றும். இரட்டைக் குவளை வைத்திருந்த மண்ணில் அதை எழுதும்போது, சிரிப்பு குவளை வைத்தவர்மேல் விழும்படி எழுத வேண்டும். சலவை மடிப்புக் கலையாத கோடி வேட்டியும் மாலையுமாக அவர் மரியாதையாக வந்து நிற்க, ஊர்தான் பதறிப்போய் அபத்தமாக நடந்துகொள்கிறது என்றால் காட்சி பிழைத்துவிடும். வேட்டிக்கு மண்ணிலிருந்து வந்த அடையாளம் வேண்டுமானால், கெட்டியான டீ டிகாக்ஷனில் கீழ்விளிம்பை மட்டும் அரை மணி நேரம் நனைத்து வெயிலில் உலர்த்துங்கள். பருத்தி நிறம் பிடிக்கும், பாலியஸ்டர் பிடிக்காது.

லேடெக்ஸுக்குச் செலவிட்ட காசு முழுதும் திரும்பக் கிடைக்கும் இடம் ரேஷன் கடைக் காட்சி. கைரேகைக் கருவியில் விரலை வைக்கிறார், பதியவில்லை. மறுபடி அழுத்துகிறார், விரல் திரும்பி வருகிறது, தோல் கருவியிலேயே நிற்கிறது. ஆள்காட்டி விரல் நுனியில் முதலில் வாசலின் ஒரு படலம், மேலே காகிதம் இல்லாமல் மூன்று பூச்சு லேடெக்ஸ், ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். இறுதியில் வெளிப்பக்கம் பவுடர். பொம்மைக் கருவியின் மேல், காட்சிக்குச் சற்று முன்பு ஒட்டுப்பசை ஒரு சொட்டு. உறை கழன்று அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வாசலின் அதிகமானால் பாதி வழியில் கழன்று விழும், குறைந்தால் வரவே வராது. அதனால் ஐந்தாறு உறைகளை உருளையான பேனா மூடியில் செய்து பார்த்துப் பழகுங்கள். நாற்று நட்டு ரேகை தேய்ந்த பாட்டிகள் உண்மையிலேயே அந்தக் கருவி முன் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்து வைக்கிறார்கள். முன்வரிசையில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கருவியும் அலுவலரும்தான் கேலிக்கு ஆளாக வேண்டும், விரல் அல்ல.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஜாம்பி நம்பிக்கை ஹெய்டியிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் பயம் அது: செத்த பிறகும் எவனோ எழுப்பி வேலை வாங்குவான் என்பது. உப்பு தின்றால் ஜாம்பிக்குச் சுயநினைவு திரும்பும், தன் கல்லறையைத் தேடிப் போய்விடும் என்றும் அங்கே சொல்வார்கள். வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருக்கும் நமக்கு இதைவிட என்ன வேண்டும்? தெருவே கூடி அவருக்கு உப்பில்லாமல் சமைக்க, ஒரு குழந்தை மட்டும் தெரியாமல் மாங்காயை உப்பு தொட்டு நீட்டுவதாக ஒரு காட்சி எழுதலாம். இதற்கு ஒப்பனைச் செலவும் இல்லை.

கலைப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி விளிம்புகளில் தடவிப் பத்து நிமிடம் விட்டால் லேடெக்ஸ் இளகும், ஓரத்திலிருந்து மெல்லச் சுருட்டி எடுக்கலாம். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் முகத்தருகே வரக் கூடாது. பிறகு பயத்தமாவு தேய்த்து வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். உரித்த ரப்பரைச் சாக்கடையில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள குப்பியின் வாயைத் துடைத்து இறுக மூடி நிழலில் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது கட்டி கட்டியாக இருந்தாலோ அழுகல் வாடை வந்தாலோ கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள்.