உடம்பு சுரக்கும் மெலடோனினா, மாத்திரை மெலடோனினா?

இருட்டியதும் தூங்கும் நேரம் என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் மெலடோனின். மூளையைக் காக்க எது உதவும், உடம்பு சுரப்பதா, மாத்திரையா? மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் குழு மாட்டின் மூளையில் உள்ள பினியல் என்ற சிறு சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். வித்தியாசம் அது வரும் நேரத்திலும் அளவிலும் இருக்கிறது.

உடம்பில் சுரப்பது இருட்டைப் பார்த்து வரும். வெளிச்சம் குறைந்ததும் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பினியலுக்குத் தகவல் சொல்லும். இரவெல்லாம் சுரந்து விடியும்போது அடங்கிவிடும். படுத்துக்கொண்டே செல்போனை மூக்குக்கு நேரே பிடித்திருந்தால் சுரப்பு தள்ளிப்போகும். வயது ஏறினாலும் குறையும்.

மாத்திரை இருட்டுக்கெல்லாம் காத்திருக்காது. 3 மில்லிகிராம் போட்டால் ரத்தத்தில் வழக்கமான இரவு அளவைப்போலப் பல மடங்கு எகிறும், அப்புறம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

சரி, நரம்புச் செல்லைக் காக்குமா? ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் காக்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும்போது தெறித்துச் செல்லைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை அடக்குகிறது, அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தின் நச்சையும் தணிக்கிறது. ஆனால் அங்கே கொடுப்பது பெரும்பாலும் பெரிய டோஸ். மாத்திரை மனிதர்களுக்கு அல்சைமரைத் தடுக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கும் நிலை) உள்ள முதியவர்களின் தூக்க நேரம் தாறுமாறானால்கூட இதைத் தர வேண்டாம் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2015 வழிகாட்டுதல்.

நீண்ட விமானப் பயணத்தால் தூக்க நேரம் குழம்பும் ஜெட் லேக்குக்கு மாத்திரை சரி. மூளையைக் காக்க என்றால் என் ஓட்டு விளக்கை அணைப்பதற்கே. மாத்திரையின் லேபிளையும் முழுதாக நம்ப முடியாது: கனடாவில் 2017-இல் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஒன்றில் லேபிளில் போட்டிருந்ததைவிட 83 சதவீதம் குறைவு, இன்னொன்றில் 478 சதவீதம் அதிகம்!