கழிவுக் குன்று: சும்மா விடுவதா, மரம் நடுவதா, வெட்டிவேர் வைப்பதா?

எங்கள் ஊர் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பலகையை மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை. சுற்றிலும் செம்பனை. கொஞ்ச தூரத்தில் பத்து ஆராங், 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டிய ஊர். அதனால் ஷேல் என்ற அடுக்கடுக்கான களிப்பாறையைத் தோண்டிய இடத்தில் குவிந்த கழிவுக் கல்லை என்ன செய்யலாம் என்ற பேச்சு கோப்பிக் கடையில் எழுந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

சும்மா விட்டால் தானாகக் காடாகிவிடும் என்பது ஒரு கட்சி. ஸ்காட்லாந்தில் அப்படித்தான் ஆனது. மேற்கு லோதியன் பகுதியில் ஷேலிலிருந்து எண்ணெய் எடுத்தது 1962இல் நின்றது. மிஞ்சிய சிவப்புக் குன்றுகளில் இப்போது 350க்கும் மேற்பட்ட தாவர வகைகள். கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அது சூளையில் வெந்த ஷேல். வேகாத கல்லில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருந்தால், காற்றும் தண்ணீரும் பட்டு கந்தக அமிலம் வடியும். அதோடு நம் மழை! புல் முளைக்கும் முன்பே சரிவில் வாய்க்கால் விழுந்துவிடும்.

மரம் நடும் கட்சிக்கு எஸ்தோனியா சாட்சி. அங்கே ஷேல் தோண்டிய திறந்தவெளிச் சுரங்கங்களைச் சமன்படுத்தி, 1960 வாக்கிலிருந்து பெரும்பாலும் பைன் நட்டிருக்கிறார்கள். அங்குள்ள கழிவில் சுண்ணாம்புக் கல் கலந்திருப்பதால் அமிலத் தொல்லை பெரிதாக இல்லை. இங்கே பைனுக்குப் பதில் அக்கேசியா மாங்கியம் நடலாம். வேகமாக வளரும், ஆனால் நடாத இடத்திலும் போய் முளைக்கும். எந்த மரமானாலும் வேர் பிடிக்க வருடங்கள் ஆகும். சரிவு கரைவதோ முதல் இரண்டு மழைக்காலத்தில்.

தோட்டத்து ஆட்கள் கொடியைத்தான் சொல்வார்கள். பால்மரம் (ரப்பர்) மறுநடவு செய்யும்போது புவேராரியா, கலப்போகோனியம் கொடிகளை விதைப்பது பழைய பழக்கம்; இப்போது முக்குனாவும் சேர்ந்திருக்கிறது. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது, தழைச்சத்தும் சேரும். ஆனால் கொடி மேல்மண்ணுக்குப் போர்வைதான், சரிவைக் கட்டிப் பிடிக்காது. கன்று நட்டால் அதன் மேலேறி நெரிக்கும். வட்டமாகக் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் ஓட்டு வெட்டிவேருக்கு. பாட்டி மண்பானைத் தண்ணீரில் போட்ட அதே வேர்தான். ஆங்கிலப் பெயரே தமிழிலிருந்து போனது. இங்கே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி. கே. யூன் 1990 வாக்கில் இதை விரிவாகச் சோதித்தார். வேர் பக்கவாட்டில் அலையாமல் நேராக 2, 3 மீட்டர் கீழே போகும். சரிவின் குறுக்கே சம உயரத்தில் நெருக்கமாக நட்டால், வரும் மண்ணை வரிசை தடுத்து நிறுத்தி, நாளடைவில் தானே படித்தட்டு ஆகிவிடும். நடும் வகை விதையால் பரவாது, புளிப்பு மண்ணையும் தாங்கும். குறை இல்லாமல் இல்லை. தூர் பிரித்துக் கையால் நட வேண்டும், முதல் சில மாதம் உரம் வேண்டும், நிழல் விழுந்தால் மெலிந்துவிடும்.

இருந்தாலும் குன்றுக்குள் தண்ணீர் ஊறினால் வெட்டிவேரும் தோற்கும். வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நீரூற்றின் மேல் நிலக்கரிக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். 1966 அக்டோபரில் அது சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் பிள்ளைகள். ஒரு புல்லும் அதைப் பிடித்திருக்காது.

ஆக, முதலில் கான், அதாவது வடிகால், வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். அப்புறம் சரிவைப் படுக்க வைத்து, சுண்ணாம்பு போட்டு, மேலே கொஞ்சம் நல்ல மண். அதில் வெட்டிவேர் வரிசை, நடுவில் கொடி. இரண்டு மூன்று வருடம் கழித்து மரம். அதன் நிழலில் வெட்டிவேர் மெலிந்தால் மெலியட்டும். சரி, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? கானுக்குக் கொடுப்பேன். வெட்டிவேர்த் தூரைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.