"டாஸ் புரோகிராம் செத்துப்போச்சு" என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

மண்டி, அரிசி ஆலை, அடகுக்கடை, பாத்திரக்கடை என்று விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பில்லிங் இன்னும் ஓடுகிற இடங்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, 11 போட்டே ஆகணும்" என்று யாராவது சிஸ்டத்தைத் தூக்க வந்தால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் பெரியப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். மண்டிக் கணக்கு முழுவதும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய டாஸ் புரோகிராமில்தான். எழுதிக் கொடுத்த உள்ளூர்க்காரர் இப்போது இல்லை. விவசாயி பெயர், சரக்கு, எடை, விலை, கமிஷன், இறக்குக்கூலி, கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் ஏறும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சிட்டை வரும். காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லாததால் 2017-லும் அதில் கை வைக்க வேண்டி வரவில்லை. கணக்குப்பிள்ளை திரையைப் பார்க்காமலே சிட்டை அடித்துவிடுவார். அவ்வளவு பழக்கம்.

போன வருஷம் அக்டோபரில், வழக்கமாக வருகிற திண்டுக்கல் சர்வீஸ் கடைக்காரர் "அக்டோபர் 14-க்கு அப்புறம் சிஸ்டமே ஆன் ஆகாதுங்கய்யா" என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இதுதான் முதல் பொய். 2025 அக்டோபர் 14-ல் நின்றது விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டும் மைக்ரோசாஃப்ட்டின் உதவியும் மட்டும். சிஸ்டம் எப்போதும்போல் ஆன் ஆகும், புரோகிராமும் ஓடும். அந்த அப்டேட்டையும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்க மைக்ரோசாஃப்ட்டே வழி வைத்திருந்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் உள்ளே போய் செட்டிங்ஸை பேக்கப் எடுக்க ஒத்துக்கொண்டால் காசே இல்லை.

பெரியப்பாவின் சிஸ்டம் நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறைப் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும். அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும் வழியில் 11-ஐ ஏற்றி, "ஒரிஜினல் விண்டோஸ்" என்று 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். சிஸ்டம் திரும்பி வந்த காலை புரோகிராமைத் திறந்தால் "திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி" என்று வந்து நின்றுவிட்டது.

இப்படி நிற்கும் என்பது சிஸ்டம் சர்வீஸ் செய்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். விண்டோஸ் 10-ல் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை உண்டு. 64-பிட் முறையில் ஓடும்போது பிராசசர், பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் வசதியைத் தராது. அதனால் 64-பிட் விண்டோஸ் எதிலுமே அவை நேரடியாக ஓடாது. பெரியப்பாவிடம் இருந்தது 32-பிட் விண்டோஸ் 10. அதில் என்டிவிடிஎம் என்ற பகுதியை ஆன் செய்தால் ஓடும், ஓடிக்கொண்டும் இருந்தது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. "போட்டால் உங்கள் மண்டிக் கணக்கு திறக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியப்பா ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டார்.

கேட்டதற்கு வந்த பதில் இன்னும் மோசம். "புரோகிராம் செத்துப்போச்சுங்கய்யா, டேட்டாவும் கரப்ட். ரெக்கவரி பண்ணணும், 6,000 ஆகும்." அதோடு 22,000 ரூபாய்க்குப் புது பில்லிங் சாஃப்ட்வேர் விலைப்பட்டியல் ஒன்று. விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய நேரம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியாது. கையில் இருந்த சிட்டை நகல்களை வைத்துப் பழைய நோட்டில் கணக்கெழுத உட்கார்ந்த பெரியப்பா, பதற்றத்தில் 3,000 ரூபாய் முன்பணமும் ஜிபேயில் அனுப்பிவிட்டார்.

நான் கோயம்புத்தூரிலிருந்து போய் சிஸ்டத்தைத் திறந்து பார்த்தபோது வயிறு எரிந்தது. சி டிரைவில் மண்டி ஃபோல்டர் அப்படியே இருக்கிறது! டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல் புது விண்டோஸ் போட்டால், பழைய விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ் ஆகியவை விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் போகும்; நாம் தனியாக வைத்த ஃபோல்டர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்கு பதிந்திருக்கும் டிபிஎஃப் ஃபைல்களில் தேதி, சிஸ்டத்தைக் கொண்டுபோன முந்தைய சாயங்காலம். ஒன்றை எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தேன். விவசாயி பெயர்கள், பாக்கி, முன்பணம், கடைசி வரி வரை சுத்தமாக வந்தது. கரப்ட்டும் இல்லை, ரெக்கவரி செய்ய எதுவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்த கணக்கை மீட்டுத் தருவதாகச் சொல்லித்தான் அறுபத்தெட்டு வயது மனுஷரிடம் 6,000 கேட்டிருக்கிறார்கள்.

"ஒரிஜினல்" விண்டோஸும் கள்ள ஆக்டிவேஷன். அதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் சில இடங்களைச் சோதிக்காமல் விடும்படி மாற்றி வைத்திருந்தார்கள். பேங்க் வேலையும் நடக்கிற சிஸ்டம் அது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் பயமாக இருந்தது.

சரிசெய்த விதத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் மண்டி ஃபோல்டரை முழுசாக இரண்டு பென் டிரைவில் எடுத்தேன். டிபிஎஃப் மட்டும் எடுத்தால் போதாது. எஃப்பிடி, சிடிஎக்ஸ், இஎக்ஸ்இ, கூட இருக்கும் ஓவர்லே ஃபைல்கள் எல்லாம் சேர்ந்தால்தான் புரோகிராம் திறக்கும். பிறகு டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 10-ஐயே திரும்பப் போட்டேன். அந்த சிஸ்டத்துக்கு ஏற்கெனவே உண்மையான லைசென்ஸ் பதிவாகியிருந்ததால், நெட் கொடுத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. நீட்டிப்பு அப்டேட்டிலும் சேர்த்துவிட்டேன்.

இந்தத் தடவை 64-பிட்டே போட்டு, புரோகிராமை விடாஸ்பிளஸுக்குள் வைத்தேன். டாஸ் சூழலை விண்டோஸுக்குள் உருவாக்கித் தரும் இலவச மென்பொருள் இது. இதே வேலையைச் செய்யும் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது; விடாஸ்பிளஸ் அலுவலகப் புரோகிராம்களை மனதில் வைத்துச் செய்தது, அதனால் பிரிண்டிங்கும் ஃபைல் லாக்கிங்கும் ஒழுங்காக நடக்கின்றன. எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்குப் போகிற சிட்டையை அது விண்டோஸ் பிரிண்டருக்குத் தள்ளிவிடுகிறது. டாட் மேட்ரிக்ஸுக்கு ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரைப் போட்ட பிறகு எழுத்துகள் வரிசையில் நின்றன. நாளைக்கு வேறு சிஸ்டம் வாங்கி விண்டோஸ் 11-க்கு மாறினாலும் இந்த ஃபோல்டரைத் தூக்கி அங்கே வைத்தால் போதும். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து ஒரு சிட்டை அடித்துப் பார்த்துவிட்டு, "அதே மாதிரிதான் இருக்கு தம்பி" என்றார்.

நான் புது சாஃப்ட்வேருக்கு எதிரி இல்லை. எழுதியவர் இல்லாத புரோகிராமை நம்பி எத்தனை வருஷம் ஓட்ட முடியும் என்ற கவலை எனக்கும் உண்டு; பெரியப்பாவிடம் பேசிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அந்த முடிவை அவர் நிதானமாக, பழைய கணக்கு கையில் இருக்கும்போது எடுக்க வேண்டும். கணக்கை மறைத்துவைத்து அவசரப்படுத்தி விற்பது வியாபாரம் இல்லை.

கொடுத்த 6,500 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பவில்லை. பில் கேட்டபோது "அதெல்லாம் தர்ற வழக்கம் இல்லை" என்றார்கள். ஜிபே விவரம், விலைப்பட்டியலின் படம், ஃபைல் தேதிகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். உங்கள் சிஸ்டத்தை யாரிடம் கொடுத்தாலும் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இப்போது இருப்பது 32-பிட்டா 64-பிட்டா, போடப்போவது எது, என் பில்லிங் அதில் திறக்கும் என்று நீங்கள் ஓட்டிக் காட்டுவீர்களா. பழனி, தாராபுரம், திண்டுக்கல் பக்கம் யாருக்காவது இதே நிலை என்றால் சிஸ்டத்தை வெளியே அனுப்பாமல் எனக்கு எழுதுங்கள். விடாஸ்பிளஸ் அமைப்பு ஃபைலை அனுப்புகிறேன், போனில் கூட இருந்து போட்டுத் தருகிறேன்.