எஸ்டி சேனல் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு எந்த டிவி? சோனி 32 அங்குலம் வாங்கிய கதை

எங்கள் வீட்டில் ஓடுவது மொத்தமே ஐந்தாறு சேனல். முரசு, சிரிப்பொலி, டிடி தமிழ் (அப்பாவுக்கு அது இன்னும் பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயர் மாற்றியதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை), செய்திச் சேனல் இரண்டு, ராத்திரி அம்மாவின் சீரியல். அத்தனையும் கேபிள், அத்தனையும் எஸ்டி (எச்டிக்கு முந்தைய சாதாரணத் தெளிவுப் படம்). ஓடிடி கிடையாது. வைஃபை கிடையாது. நான் ஊருக்குப் போய் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் யூடியூப். இருந்த 21 அங்குல டியூப் டிவி ஒரு வழியாகக் கண்ணை மூடியதும், மன்னார்குடியிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய் சோனி 32 அங்குல எச்டி ரெடி டிவி ஒன்று வாங்கி வந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் "இந்தக் காலத்துல 32-ஆ?" என்றார்கள். ஏன் 32 என்று எழுதி வைத்துவிட்டால் இனிமேல் லிங்க் அனுப்பினால் போதும்.

கடை பெரிய கடை. சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே வீடியோ. பஞ்சவர்ணக்கிளி, வெட்டி வைத்த மாதுளம்பழம், ராத்திரியில் ஏதோ வெளிநாட்டு நகரம். 4கே-யில் எடுத்த வீடியோ அது. அதைப் போட்டால் எந்த டிவியும் நன்றாகத்தான் தெரியும்.

"கேபிள் கனெக்ஷன் இருக்கா தம்பி?"

"கேபிளா அக்கா? அதெல்லாம் வீட்ல போய் போட்டுக்கலாம். நீங்க 43 எடுங்க. ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சு, இப்பதான் சரியான டைம்."

ஜிஎஸ்டி விஷயம் உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆனது. 32-க்கு முன்பிருந்தே 18 என்பதால், இரண்டுக்கும் நடுவில் இருந்த விலை இடைவெளி சுருங்கிவிட்டது. கடைக்காரர்கள் எல்லாரையும் 43 பக்கம் தள்ளுவதற்கு அது ஒரு காரணம். ஆனால் வரி குறைந்ததால் கேபிளில் வருகிற படம் தெளிவாகிவிடாது.

பையில் பென் டிரைவ் வைத்திருந்தேன். சித்தப்பா வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ். அந்த பாக்ஸ்கள் பலவற்றில் யூஎஸ்பி ஓட்டை இருக்கும், ஓடுவதை அப்படியே பதிவு செய்துகொள்ளலாம். கேபிள் பாக்ஸில் பதிவு செய்தால் பெரும்பாலும் பூட்டிவிடும், வேறு டிவியில் ஓடாது. அதனால் ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து டிடி தமிழ் செய்தி கொஞ்சம், கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்று, டிடி ஸ்போர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த கால்பந்து கொஞ்சம் என்று எடுத்து வைத்திருந்தேன். கடைத் தம்பிக்கு அதைப் போட்டுக் காட்ட அவ்வளவு இஷ்டமில்லை. இருந்தாலும் செருகினான்.

முதலில் 43 அங்குல 4கே. கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது கீழே ஓடும் ஸ்க்ரோலிங்கை. தமிழ் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி, எஸ்டி படத்தில் இரண்டு மூன்று கோடு உயரம்தான் வரும். எஸ்டி ஒளிபரப்பு ஒரு படத்தை இரண்டு தவணையாக அனுப்புகிறது. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தவணை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தவணை, நொடிக்கு 50 தவணை. டியூப் டிவி வந்ததை வந்தபடி வரைந்துவிடும். எல்இடி டிவி எல்லாக் கோட்டையும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்பதால் இரண்டு பாதியையும் உள்ளே சேர்த்துத்தான் திரைக்கு அனுப்பும். அந்தச் சேர்க்கை சரியில்லை என்றால், ஓடுகிற எழுத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து நிற்கும். அல்லது டிவி ஒரு பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை மட்டும் இழுத்துப் பெரிதாக்கும். அப்போது போவது புள்ளிதான்.

அந்த 43-ல் அதுதான் நடந்தது. புள்ளி ஒரு நேரம் இருக்கிறது, ஒரு நேரம் இல்லை. "மீட்புப் பணி" என்பது "மீடபுப பணி" என்று ஓடியது. ணை, ளை, றை எல்லாம் சுழி அடைத்துப்போய் ஒரே திட்டாக நகர்ந்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

அதே பென் டிரைவை 32 அங்குல சோனியில் செருகியபோது புள்ளி புள்ளியாகவே நின்றது. எழுத்து வலமிருந்து இடம் போய்ச் சேரும்வரை படிக்க முடிந்தது. சோனியின் படச் சீரமைப்புக்கு ரொம்ப நாளாகவே நல்ல பெயர் உண்டு. எஸ்டி பார்க்கிறவர்களுக்குத்தான் அதனால் நேரடி லாபம், 4கே பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. பக்கத்தில் இருந்த இன்னொரு கம்பெனி 32-ம் மோசமில்லை, விலையும் நாலைந்தாயிரம் குறைவு. ஆனால் பழைய பாட்டில் சிக்கியது. பாட்டு ஃபிலிமில் எடுத்தது, அதன்மேல் ஓடும் ஸ்க்ரோலிங் சேனல்காரர் வீடியோவில் போட்டது. இரண்டுக்கும் அசைவின் கணக்கு வேறு. படத்துக்கு ஏற்றபடி டிவி மாறினால் எழுத்து கிழியும், எழுத்துக்கு ஏற்றபடி மாறினால் படம் மங்கும். நல்ல டிவி திரையின் இரண்டு பகுதியையும் தனித்தனியாகக் கவனிக்கும். முரசு பார்க்கிற வீட்டில் இது நாள் முழுக்க நடக்கிற விஷயம் என்பதால் விலையைக் கூட்டிக் கொடுத்தேன்.

இனி கணக்கு. எஸ்டி படம் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள் (எழுத்தின் புள்ளி அல்ல, திரையின் பிக்சல்). 4கே திரையில் 82,94,400. சரியாக 20 மடங்கு. வருவது ஒரு புள்ளி, காட்ட வேண்டியது இருபது. மிச்சம் பத்தொன்பதை டிவி ஊகித்து நிரப்புகிறது. 32 அங்குல எச்டி ரெடி திரை 1366-க்கு 768, இரண்டரை மடங்குதான். ஊகம் குறைந்தால் அசிங்கமும் குறையும். சில ஆபரேட்டர்கள் 720 என்ற அகலத்தையும் குறைத்தே அனுப்புகிறார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் ரெசல்யூஷனைவிட அளவும் தூரமும்தான் பெரிய விஷயம் என்பேன். 576 கோட்டுப் படத்தின் குறைகள் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். 32 அங்குல டிவியின் உயரம் பதினாறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு மடங்கு என்றால் எட்டடி. 43-க்குப் பத்தரை அடி. எங்கள் கூடத்தில் சுவரிலிருந்து அப்பாவின் ஈசி சேர் எட்டடிதான், அதற்குப் பின்னால் ஊஞ்சல். ஊஞ்சலைக் கழற்றினால் 43 வைக்கலாம், ஆனால் அம்மா விடமாட்டார். 2006-ல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி ஞாபகம் இருக்கிறதா? அதில் படம் பளிச்சென்று இருந்ததற்குப் பாதிக் காரணம் அதன் அளவு.

டிவி வாங்குவதற்கு முன்பே கேபிள் பாக்ஸை மாற்றினேன், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய எஸ்டி பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மட்டும்தான். அந்த மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன, டிவி மறுபடி பிரித்தெடுக்கிறது. பிரிக்கும்போது பொடிப்பொடிக் கோடுகளை நிறம் என்று எடுத்துக்கொள்ளும். கட்டம் போட்ட சட்டை, நெருக்கமான புடவைக் கரை வந்தால் ஊதாவும் பச்சையும் மினுங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட நாயகனின் கோடு போட்ட கோட்டில் வானவில் ஓடும்! எச்டிஎம்ஐ உள்ள பாக்ஸுக்கு மாறினால் அதே எஸ்டி சேனலில் இந்தத் தொல்லை போய்விடும். எச்டி பேக் போட வேண்டிய அவசியமில்லை, பாக்ஸ் மட்டும் போதும். ஆபரேட்டரிடம் கேட்டுப் பாருங்கள். டிவிக்குச் செலவு செய்கிற காசில் சின்னப் பங்குதான் ஆகும், வித்தியாசம் அதைவிடப் பெரிது.

பாக்ஸில் எச்டிஎம்ஐ வழியாக என்ன அனுப்புவது என்று மெனுவில் கேட்கும். 576ஐ, 576பி, 720பி, 1080ஐ என்று இருக்கும். எண் என்பது கோடுகளின் எண்ணிக்கை, 'ஐ' என்றால் இரண்டு தவணையாக, 'பி' என்றால் முழுப் படமாக. 1080 வைத்தால் படத்தைப் பெரிதாக்கும் வேலையை பாக்ஸில் உள்ள மலிவு சிப் செய்கிறது. 576ஐ வைத்தால் டிவி செய்கிறது. நல்ல டிவி என்றால் அதனிடமே விடுவதுதான் சரி. ஒவ்வொன்றாக மாற்றி மறுபடி மெய்யெழுத்தின் புள்ளியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் 576ஐ.

மஞ்சள் வயரோடுதான் இருக்க வேண்டும் என்றால் வாங்கும் டிவியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல டிவிகளில் மூன்று ஓட்டைக்குப் பதில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றுதான். அதற்கான வயர் கடையில் ஐம்பது நூறுக்குக் கிடைக்கும், ஆனால் எல்லா வயரும் ஒரே மாதிரி அல்ல. உள்ளே இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பான வயர் போட்டால் படம் வராது, ஸ்பீக்கரில் 'உர்' என்று சத்தம் வரும். டிவி ரிப்பேர் என்று பயப்படாமல் மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள், சில வயர்களில் அதோடு சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த ஒரே சண்டை கறுப்புப் பட்டைக்காக. பழைய படம் சதுரத் திரைக்கு எடுத்தது. அகலத் திரையில் சரியான அளவில் வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பு நிற்கும். "காசு குடுத்து வாங்கின டிவியில ரெண்டு பக்கமும் எதுக்கும்மா சும்மா கிடக்கணும்?" என்று அப்பா கேட்டார். இழுத்துக் காட்டினேன், ஒல்லியான கதாநாயகிக்குத் தவில்காரர் உடம்பு வந்துவிட்டது. வைட் ஜூம் போட்டால் பட்டை போகிறது, ஆனால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு ஸ்க்ரோலிங் பாதி மறைகிறது. கடைசியில் நார்மலில் வைத்தோம். அப்பா அதற்குப் பழகிவிட்டார். அம்மா பழகவில்லை, அவர் கையில் ரிமோட் போனால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள்.

படத்தின் செட்டிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விவிட் வேண்டாம், சினிமா அல்லது ஸ்டாண்டர்ட் போதும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும். நாய்ஸ் ரிடக்ஷனை லோவில் வையுங்கள். ஹையில் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரிவது குறையும்தான், கூடவே முகத்தின் சுருக்கம், மீசையின் மயிர், பழைய ஃபிலிமின் பொடித் துகள் எல்லாவற்றையும் வழித்துவிடும். சரோஜாதேவி என்று தெரியும், ஆனால் கண்ணிமை இருக்காது. டிவி ஒவ்வொரு இணைப்புக்கும் செட்டிங்கைத் தனியாக வைத்திருக்கும் என்பதால் பாக்ஸ் செருகிய இடத்தில் வைத்து மாற்றுங்கள்.

இந்த டிவி எல்லாருக்கும் சரிவராது. எச்டி பேக் போட்டிருக்கிறவர்கள், பிள்ளைகள் ஓடிடி பார்க்கிற வீடு, கேம் ஆடுகிறவர்கள் 43 பக்கமே போகலாம். 43 வாங்கிவிட்டு எஸ்டியும் பார்க்க வேண்டும் என்றால், மலிவு 4கே-யை விட்டுவிட்டு, படச் சீரமைப்புக்குப் பெயர் வாங்கிய கம்பெனியில் ஒரு படி மேல் மாடலாகப் பாருங்கள். சத்தம் 32 அங்குலத்தில் எந்தக் கம்பெனியிலும் சுமார்தான். ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கிறது, சுவரில் மாட்டினால் வசனம் அமுங்கும். நாங்கள் மேஜைமேல் ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டோம், மரத்தில் பட்டுத் திரும்பி வருவதால் கொஞ்சம் பரவாயில்லை.

லோக்கல் சேனல் மட்டும் எதற்கும் மசியவில்லை. ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழாவைக் காட்டினால், சாமியைவிடக் கட்டங்கள்தான் அதிகம் புறப்பாடு வருகின்றன. "இது டிவி கோளாறா?" என்று அப்பா கேட்டார். அது ஆபரேட்டர் அனுப்பும் படத்தின் லட்சணம். அடுத்த தடவை சந்தா வாங்க வரும்போது நேரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.