ரவுட்டரைத் தானே ரீபூட் செய்யும் பெட்டி என்று சொல்லி 14,600 பறித்துவிட்டார்கள். வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் கடைசிப் பதில் வந்தது. "ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது. உங்கள் கோரிக்கை மூடப்படுகிறது." ஒரு வணக்கம், ஒரு நன்றி, அவ்வளவுதான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14,600 போனது ஒரு பக்கம். அந்தப் பெட்டியால் நான் கேட்ட வேலையைச் செய்யவே முடியாது என்பது விற்கும்போதே அவர்களுக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அம்மா தனியாக இருக்கிறார். நான் இருக்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் கிடைக்காது. அவருடைய போன் வைஃபை வழியாகத்தான் பேசும். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று இரண்டு கேமராக்கள். எல்லாமே அந்த ஒரு ரவுட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. அதுவோ மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை ஹேங் ஆகிவிடும். பவர் விளக்கு எரியும், நெட் வராது. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகினால் சரியாகிவிடும். ஆனால் பிளக் இருப்பது பீரோவுக்குப் பின்னால், தலைக்கு மேலே. அம்மா ஸ்டூல் போட்டு ஏறுவார். வயது 74, முழங்காலில் ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆனவர்.

இதற்கென்றே சாதனம் உண்டு என்று எனக்குத் தெரியும். சர்வர் அறைகளில் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். பிளக்குக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அது கூகுளின் 8.8.8.8 மாதிரி வெளியே இருக்கிற ஒரு முகவரிக்கு அவ்வப்போது பிங், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்கும் ஒரு சின்னச் செய்தி, அனுப்பிப் பார்க்கும். வரிசையாக நாலைந்து தடவை பதில் வரவில்லை என்றால், உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் கரண்ட்டைத் துண்டித்து, பத்து இருபது விநாடி கழித்துத் திரும்பக் கொடுக்கும். பிங் நிரல் எழுதப்பட்டதே 1983இல். இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் இதில்கூட ஏமாற்றுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரிய விற்பனைத் தளம் ஒன்றில், நெட்வொர்க் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை, போட்டால் இந்தப் பதிவையும் தூக்கிவிடுவார்கள். ரவுட்டருக்கு ஒரு பெட்டி, கேமரா ரெக்கார்டருக்கு ஒரு பெட்டி, ஒரு வருட ஆப் சந்தா, எல்லாம் சேர்த்து 14,600. கேள்வி கேட்டதும் கடைக்காரனே வீடியோ காலில் வந்தான். "நீங்க நம்பலைன்னா லைவா காட்டுறேன் மேடம்" என்றான். மேஜை மேல் ஒரு ரவுட்டர், பக்கத்தில் இந்தப் பெட்டி. என் கண் முன்னாலேயே ரவுட்டரிலிருந்து ஃபைபர் கேபிளைப் பிடுங்கினான். "இப்ப நெட் இல்லை, பாருங்க." இரண்டு பேரும் காத்திருந்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டக் என்று ஒரு சத்தம். ரவுட்டர் விளக்குகள் அணைந்தன. மறுபடி டக். ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த டக் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். "இனிமே உங்க அம்மா ஸ்டூல்ல ஏற வேண்டாம் மேடம்" என்று வேறு சொன்னான். அம்மாவைப் பற்றி அவனிடம் சொன்னதே நான்தான். அதையே எடுத்து என்னிடம் விற்றான்.

பெட்டி வந்ததும் நானே போய் மாட்டினேன். அதில் ஒரு லேன் சாக்கெட் இருந்தது. கேபிள் செருகினால் விளக்கு எரியவில்லை. கேட்டேன். "லேன் அடுத்த அப்டேட்ல வரும் மேடம், இப்போதைக்கு வைஃபையில போடுங்க" என்றான். சரி என்று வீட்டு வைஃபையிலேயே இணைத்தேன். ரெக்கார்டர் பெட்டியை ஆப்பில் ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தேன், வேலை செய்தது. ரவுட்டர் பெட்டியில் அதைச் செய்து பார்க்கவில்லை. வீடியோவில்தான் பார்த்துவிட்டோமே என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை நானும் அந்த ஃபைபர் கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ரிட்டர்ன் காலம் ஏழு நாள்.

பதினோராவது நாள் இரவு ரவுட்டர் ஹேங் ஆனது. கேமரா இரண்டும் போய்விட்டன. ஆப்பைத் திறந்தால் "சாதனம் ஆஃப்லைன்". அம்மாவுக்குப் போன் போகவில்லை. தானாக ரீபூட் ஆகும் என்று இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். காலை ஆறேமுக்காலுக்கு அம்மாவே கூப்பிட்டார். "பிடுங்கி மாட்டிட்டேன்டி, இப்ப வருதா?" ஸ்டூலில் ஏறியிருக்கிறார். எந்த ஸ்டூலில் ஏறக் கூடாது என்று 14,600 கொடுத்தேனோ, அதே ஸ்டூல்.

அன்றைக்கு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில் "உங்க நெட் கம்பெனி சரியில்லை மேடம்." அப்புறம் "ஃபர்ம்வேர் அப்டேட் வருது." அப்புறம் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." மூன்று நாள் யாரும் கூப்பிடவில்லை. நான் அனுப்பியதெல்லாம் நீல டிக்கோடு அப்படியே கிடந்தது. நாலாவது நாள் ஒரு பெண் பேசினார். "ஒரு தடவை ஆப்ல ஆஃப் கொடுத்து ஆன் கொடுங்க மேடம், செட் ஆயிடும்" என்றார். கொடுத்தேன். ஆஃப் உடனே போனது. ஆன் போகவே இல்லை. ஏன் போகும்? ஆஃப் கொடுத்ததும் ரவுட்டர் அணைந்துவிட்டது. பெட்டிக்கு நெட் வருவதே அந்த ரவுட்டரிலிருந்துதான். ஆன் என்ற கட்டளை அதற்கு எந்த வழியாகப் போய்ச் சேரும்? சொன்னவருக்கு இது தெரியவில்லை. அழுத்தும்வரை எனக்கும் உறைக்கவில்லை. அம்மாவை மறுபடி ஏற விடக் கூடாது என்று அப்படியே கிளம்பி, ஐந்து மணி நேரம் பயணம் செய்து போய், பெட்டியில் இருந்த பட்டனை என் கையால் அழுத்தினேன்.

பெட்டிகளைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்தேன். டெக்னீஷியன் என்று ஒருவர் கடைசியில் லைனுக்கு வந்தார். அவர்தான் உண்மையைச் சொன்னார், தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று புரியவில்லை. "பெட்டிலேர்ந்து சிக்னல் வர்றது நின்னுச்சுன்னா எங்க சர்வர் ரீபூட் கமாண்ட் அனுப்பும் மேடம்." நெட் இல்லாதபோது அந்தக் கமாண்ட் எப்படி வந்து சேரும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஹோல்ட்ல இருங்க" என்றார். லைன் கட்டாகிவிட்டது. பெட்டி தானாக பிங் செய்யவே செய்யாது. முடிவெடுப்பதெல்லாம் எங்கேயோ இருக்கிற அவர்கள் சர்வர். நெட் போனால் அந்தச் சர்வரின் குரல் வீட்டுக்குள் வராது. அப்படியானால் வீடியோவில் கேட்ட டக்? அந்தப் பெட்டி வேறு ஏதோ வைஃபையில், அவனுடைய மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ எதிலோ இருந்திருக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் யாரோ ஆப்பில் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

அன்று இரவே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துத் திறந்தேன். உள்ளே சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் இருக்கும் இஎஸ்பி8266 வைஃபை சிப். வெளியே 16 ஆம்ப்ஸ் என்று ஸ்டிக்கர், உள்ளே ரிலேயின் மேல் அச்சாகியிருப்பது 10 ஆம்ப்ஸ். அந்த லேன் சாக்கெட் இருக்கிறதே, அதன் எட்டு பித்தளைக் கால்களும் அப்படியே காற்றில் நிற்கின்றன. ஒரு ஒயர்கூட இல்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எந்த அப்டேட் வந்து அதில் ஒயர் இழுக்கும்? படம் எடுத்துத் தளத்துக்கு அனுப்பினேன். "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்." விற்பனையாளரைக் கேட்டால் "பெட்டியைத் திறந்தா வாரண்டி போயிடும் மேடம்." ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினேன், விதிமுறைக்கு உட்படவில்லை என்று நீக்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஐந்து நட்சத்திரம்தான். அதை நம்பித்தான் நானும் 14,600 கட்டினேன்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிங் செய்வது பெட்டியா, அவர்கள் சர்வரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வந்த அன்றைக்கே வீட்டு ரவுட்டரில் மாட்டி, வெளி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அவர்கள் காட்டும் வீடியோ எதையும் நம்பாதீர்கள். கரண்ட் போய் வந்தால் ரிலே தானாக ஆன் நிலைக்கு வர வேண்டும். ஒரே ஒரு முகவரியை மட்டும் பிங் செய்கிற பெட்டி வேண்டாம், 8.8.8.8, 1.1.1.1 இரண்டுமே பதில் சொல்லாவிட்டால்தான் அது கரண்ட்டைத் துண்டிக்க வேண்டும். எத்தனை தடவை ரீபூட் செய்யலாம் என்று வரம்பு வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நெட் கம்பெனி பக்கம் கோளாறு வரும் இரவில் விடிய விடிய ரவுட்டரை அணைத்து அணைத்து எரிய வைக்கும். ஃபைபர் மோடம் எழுந்து வரவே இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம், அதுவரை பெட்டி காத்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் உள்ள எதையும் இதில் மாட்டாதீர்கள். நல்ல பெட்டியே கிடைத்தாலும் வந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

இப்போதைக்கு ஒரு சாதாரண டைமர் பிளக் வாங்கி மாட்டியிருக்கிறேன், முள் சுற்றுகிற பழைய வகை. விடியற்காலை நாலு மணிக்கு ரவுட்டரைக் கால் மணி நேரம் அணைத்து எரிய வைக்கும். நெட் வேண்டாம், ஆப் வேண்டாம், சந்தா வேண்டாம். பகலில் ஹேங் ஆனால் அதனால் பயன் இல்லை. அதற்காக எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து, பிளக்கை அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டேன். ஸ்டூலைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று.