ஏழு வருடம் ஒரே பில்லிங் சாஃப்ட்வேர்: டிக்கும் சுவிட்சும் படுத்திய பாடு

எங்கள் மெடிக்கல் ஷாப்பில் 2018 முதல் ஒரே பில்லிங் சாஃப்ட்வேர்தான். வேகத்தில் குறையே இல்லை, கூட்ட நேரத்தில் ஒருநாளும் காலை வாரியதில்லை. ஆனால் எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடங்களில்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

கொள்முதல் பில் ஏற்றும்போது ஜி.எஸ்.டி விகிதம் ஒரு டிராப்டவுனில், அதாவது தட்டினால் விரியும் பட்டியலில், வரும். அப்போது 5, 12, 18, 28. பெரும்பாலான மருந்துகளுக்கு 12, இன்சுலினுக்கு 5. நான் 12-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீழே இருக்கும் சேவ் பட்டனுக்குப் போக மவுஸ் சக்கரத்தை உருட்டுவேன். பக்கம் நகராது, கர்சர் இன்னும் அந்தப் பெட்டியிலேயே இருப்பதால் 12 சத்தமில்லாமல் 18 ஆகிவிடும். மாதக் கடைசியில் ஆடிட்டர் கேட்டபோதுதான் தெரிந்தது. மூன்று நாள் இரவு உட்கார்ந்து பழைய பில்களை ஒவ்வொன்றாகத் திருத்தினோம். நான்கே விகிதத்துக்கு எதற்கு மூடிய பட்டியல்? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விடும் வட்டங்களான ரேடியோ பட்டன் நான்கு வைத்திருந்தால் எல்லாம் கண்முன்னே இருந்திருக்கும்.

பழைய கார் ரேடியோவில் ஒரு பொத்தானை அமுக்கினால் முன்பு அமுக்கியது வெளியே துள்ளும். ரேடியோ பட்டன் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். வட்டம் என்றால் ஒன்று மட்டும், சதுரம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் என்று கை பழகிவிட்டது. இதிலோ பணம், கார்டு, யுபிஐ மூன்றுக்கும் சதுரக் கட்டம். ஒன்றை டிக் செய்தால் மற்றது அழிந்துவிடும். பாதி பணம், பாதி யுபிஐ கொடுத்தவர்களின் கணக்கு எத்தனை நாள் இடித்தது!

பிறகு ஒரு அப்டேட்டில் டிக் கட்டங்கள் சுவிட்சுகளாயின. ‘காலாவதி எச்சரிக்கை நிறுத்தம்’ என்று எழுதி, பக்கத்தில் பச்சை சுவிட்ச். புதிதாக வந்த பெண் பச்சையைப் பார்த்து எச்சரிக்கை ஓடுவதாக நம்பிவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. கம்பெனி திருப்பி எடுக்கும் கெடு தாண்டிய ஒரு பெட்டி மருந்து எங்கள் தலையில் விழுந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத எங்கள் மூத்த ஊழியருக்கு அந்த நிறத்தால் எந்தப் பயனும் இல்லை. ஐபோனில்கூட ஆன், ஆஃப் குறியைச் சுவிட்சின் மேலேயே காட்ட அமைப்பு இருக்கிறது.

விளம்பரச் செய்திக்கான சம்மதம் முன்கூட்டியே டிக் ஆகியே வரும். அப்படி வாங்குவது சம்மதமே ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. நாங்கள் ஒவ்வொருவருக்கும் அதை எடுத்துவிட்டுத்தான் சேவ் செய்கிறோம்.

நிறுவனத்துக்குப் படம் பிடித்து அனுப்பினேன். இப்போது சுவிட்ச் பக்கத்தில் ‘காலாவதி எச்சரிக்கை: இயங்குகிறது’ என்று வருகிறது. 2025 செப்டம்பரில் 12-ம் 28-ம் போய்விட்டன. டிராப்டவுன் மட்டும் போகவில்லை. தேர்ந்தெடுத்ததும் கர்சர் பெட்டியை விட்டு நகர டேப் கீயைத் தட்டச் சொல்லி மானிட்டர் ஓரத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.